மணற்கல் அலகு ஒன்றை வரையறுத்துப் பெயரிடுவது எப்படி: கோலாலம்பூரில் வேலை செய்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரில் எந்தப் பாறை வெளிப்பாடும் நெடுநாள் நிற்பதில்லை. குன்றைச் சீவிய சில மாதங்களில் சரிவின்மேல் சொட்கிரீட் (தெளிப்புக் காங்கிரீட்) அடித்துவிடுவார்கள், அல்லது புல் போர்த்திவிடுவார்கள். அதற்குப் பிறகு அங்கே தாமான் (குடியிருப்புப் பகுதி) இருக்கும், பாறை இருக்காது. ஆகவே இங்கே ஒரு மணற்கல் அலகை, அதாவது தனித்து அடையாளம் காணத்தக்க பாறைத் தொகுதியை, வரையறுப்பவர், அந்த வெளிப்பாடு மறைந்த பிறகும் இன்னொருவர் அதே எல்லையைத் துளைக் கோரில் (துளையிட்டு எடுத்த பாறைத் தண்டில்) கண்டுபிடிக்கும்படி எழுதிவைக்க வேண்டும். பெயர் வைப்பது இந்த வேலையின் கடைசிப் பகுதி, மிகச் சிறிய பகுதியும் அதுதான். பலர் அதையே முதலில் செய்கிறார்கள். எல்லையே சொல்லப்படாத பெயர்கள் அறிக்கைக்கு அறிக்கை தொடர்வது அதனால்தான்.

புவியியல் மாணவர்களையும், மண் ஆய்வு நிறுவனங்களில் கோர் பதிவு செய்பவர்களையும் மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது. எல்லை தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நகர நடுவிலேயே சான்று உண்டு. பெட்ரோனாஸ் கோபுரங்களுக்கு முதலில் குறித்த இடத்தில், ஒரு பக்கம் கென்னி ஹில் ஃபார்மேஷன் என்ற பாறை அலகின் உளுத்த மணற்கல்லும் ஷேலும் (களிப்பாறையும்), மறுபக்கம் குழிகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லும் இருந்தன. கோபுரங்களின் இடத்தைச் சுமார் 60 மீட்டர் நகர்த்த வேண்டியதாயிற்று. சுங்கை பூலோ - காஜாங் எம்ஆர்டி ரயில் சுரங்கத்திலும் சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு வகை இயந்திரம், கென்னி ஹில்லுக்கு வேறு வகை இயந்திரம் தேவைப்பட்டது.

முதலில்: இது புது அலகுதானா?

உங்கள் கையிலிருக்கும் மணற்கல்லுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கலாம். கோலாலம்பூர்ப் பகுதியின் அடிப்படை வரிசை இது: கீழே டிண்டிங் ஷிஸ்ட் (ஷிஸ்ட் என்பது உருமாறிய தகட்டுப் பாறை), அதற்கு மேல் ஹாத்தோர்ன்டன் ஷிஸ்ட், பிறகு சைலூரியக் காலத்துக் கோலாலம்பூர்ச் சுண்ணாம்புக்கல், அதன்மேல் கால இடைவெளி விட்டுப் படிந்த கென்னி ஹில் ஃபார்மேஷன். பத்துமலை அந்தச் சுண்ணாம்புக்கல்லின் பகுதிதான். கென்னி ஹில் என்பது மணற்கல்லும் ஷேலும் மாறிமாறி வரும் அடுக்கு. பல இடங்களில் அது லேசாக உருமாறிக் குவார்ட்சைட்டாகவும் ஃபில்லைட்டாகவும் ஆகியிருக்கிறது. கார்பனிஃபெரஸ் முதல் பெர்மியன் வரையிலான காலத்தது என்று கொள்ளப்படுகிறது. புக்கிட் துங்கு, ஷா ஆலாம், புத்ராஜெயா, பாங்கி வட்டாரங்களில் வெட்டிய சரிவுகளில் நீங்கள் பார்க்கும் வரிவரியான செம்மஞ்சள் மண் பெரும்பாலும் அதுவே.

மலேசியப் புவியியல் கழகம் 2004-இல் வெளியிட்ட, பாறை அலகுகளின் பெயர்களைத் தொகுத்த அடுக்கியல் அகராதியை முதலில் திறந்து பாருங்கள். பிறகு கனிம, புவி அறிவியல் துறையின் (ஜேஎம்ஜி) வரைபடங்களையும் வட்டார அறிக்கைகளையும் புரட்டுங்கள். இந்தத் தேடலுக்கு இரண்டு முழு நாள் ஒதுக்கினாலும் தகும். பழைய அலகுக்குள் உங்கள் மணற்கல் அடங்குமானால் புதுப் பெயர் வேண்டாம். அந்த அலகின் உட்பிரிவாக, அதாவது மெம்பராக, அதை முன்மொழிய முடியுமா என்று மட்டும் பாருங்கள்.

அலகுகளின் படிநிலை எளிது. அடிப்படை அலகு ஃபார்மேஷன். சில ஃபார்மேஷன்கள் சேர்ந்தால் குரூப். ஃபார்மேஷனுக்குள் தனித்துத் தெரியும் பகுதி மெம்பர். அதற்கும் கீழே, அடையாளம் காட்டும் ஒற்றை அடுக்கு பெட். பஹாங் பக்கம் தெம்பெலிங் குரூப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கீழிருந்து மேலாகக் கெரும் ஃபார்மேஷன், லானிஸ் கொங்லோமரேட் (சரளைப் பாறை), மங்கிங் மணற்கல், தெர்முஸ் ஷேல் என்று அது பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரே பாறை பெரும்பங்கு வகித்தால் அந்தப் பாறையின் பெயர் ஒட்டிக்கொள்கிறது. கலவையாக இருந்தால் 'ஃபார்மேஷன்' என்ற சொல் வருகிறது.

ஃபார்மேஷனுக்கு இவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. வரைபடத்தில் வரைய முடிய வேண்டும், அதுதான் விதி. 1:50,000 வரைபடத்தில் 1 மி.மீ. என்பது தரையில் 50 மீட்டர். உங்கள் அலகு தரையில் 20 மீட்டர் அகலத்துக்கு மட்டும் தெரிகிறது, சில நூறு மீட்டரில் மறைந்தும் போகிறது என்றால் அது ஃபார்மேஷன் ஆகாது.

மணற்கல் என்று நினைப்பது மணற்கல்தானா?

கிள்ளான் பள்ளத்தாக்கில் அடிக்கடி நடக்கும் குழப்பம் இது. கிள்ளான் கேட்ஸில், புக்கிட் தாபூர் என்று மலையேறுகிறவர்கள் சொல்லும் வெள்ளைப் பாறை முகடு, படிந்து உண்டான குவார்ட்சைட் அல்ல. கிரானைட் பகுதியின் வெடிப்பில் நிரம்பிய குவார்ட்ஸ் டைக். பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நீள்வதால் தூரத்திலிருந்து அது படுகை (படிந்த பாறை அடுக்கு) போலத் தோன்றும். புதிதாக உடைத்த முகத்தை நனைத்துப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். மணித்துகள்களின் விளிம்பு தெரிகிறதா, படுகைக் கோடு உண்டா, இடையில் ஷேல் அடுக்கு வருகிறதா? மூன்றும் இல்லாமல் பால்வெள்ளையாக, சீப்புப் பல் போலப் படிகங்கள் நின்றால் அது டைக்.

மணற்கல்லுக்கும் குவார்ட்சைட்டுக்கும் சுத்தியல் பதில் சொல்லும். மணற்கல்லில் உடைப்பு மணிகளைச் சுற்றிக்கொண்டு போகும், தடவினால் சொரசொரக்கும். குவார்ட்சைட்டில் உடைப்பு மணிகளை ஊடுருவிப் போகும், முகம் வழுவழுப்பாக மின்னும். கிரானைட்டுக்கு அருகில் போகப் போக ஒன்று மற்றொன்றாக மாறுவதைப் பார்க்கலாம். அப்படி மாறினால் அலகை இரண்டாக வெட்டாதீர்கள். உருமாற்றத்தின் அளவு வேறு, படிந்த அலகு வேறு.

களத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை

திசைகாட்டியோடு சாய்வுமானி, 50 மீட்டர் நாடா, 1.5 மீட்டர் அளவுகோல், பத்து மடங்கு லென்ஸ், துகள் அளவு அட்டை, 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுப் புட்டியில், சுத்தியல், நிற அட்டை, தண்ணீர்த் தெளிப்பான், மாதிரிப் பைகள், அழியாத மை, 1:100 அளவில் கோடிட்ட பதிவுத்தாள். கட்டுமானத் தளமென்றால் கட்டுமானத் தொழில் வாரியமான சிஐடிபியின் பச்சை அட்டையும் தலைக்கவசமும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். தள மேலாளரிடம் எழுத்து அனுமதியும் வாங்கிவிடுங்கள்.

வேலையை விடியற்காலையில் தொடங்குவது நல்லது. இங்கே இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். மழை நின்ற உடனே புதிதாக வெட்டிய சரிவின் அடியில் நிற்காதீர்கள். உளுத்த ஷேல் அடுக்கின்மேல் மணற்கல் பாளம் வழுக்கி இறங்குவது கென்னி ஹில் ஃபார்மேஷனில் அடிக்கடி நடப்பது.

கோலாலம்பூரில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு சுழியை ஒட்டியே இருப்பதால் திருத்தம் பெரிய தொல்லையில்லை. ஆனால் சரிவில் அடித்த மண் ஆணிகள், கம்பி வலை, பக்கத்தில் நிற்கும் லோரி எல்லாம் முள்ளை இழுக்கும். ஐந்து மீட்டர் தள்ளி இரண்டாவது முறை எடுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் மட்டும் எழுதுங்கள்.

இட ஆயங்களில் இன்னொரு கண்ணி உண்டு. பழைய வரைபடங்கள் கெர்தாவ் என்ற ஆதாரத் தளத்தில் வரையப்பட்டவை. கைப்பேசி காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகத் தளம். ஒன்றை மற்றொன்று என்று நினைத்துக் குறித்தால் புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் விலகிவிடும். எந்தத் தளம் என்று ஒவ்வொரு ஆயத்துக்கும் பக்கத்தில் எழுதுவதைக் கட்டாயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தடிமனை அளப்பது

முதலில் நல்ல வெட்டுமுகத்தைத் தேர்ந்தெடுங்கள். அலகின் அடி எல்லையும் மேல் எல்லையும் இரண்டும் தெரிய வேண்டும். இடையில் மறைந்த பகுதி குறைவாக இருக்க வேண்டும். படுகைகளின் ஸ்டிரைக்குக்கு (படுகைத் தளத்தில் வரையும் கிடைக்கோட்டின் திசைக்கு) செங்குத்தாக நடக்க முடிந்தால் மிக நல்லது.

சமதரையில், ஸ்டிரைக்குக்குச் செங்குத்தாக நடந்தால், உண்மைத் தடிமன் = நடந்த தூரம் × சைன்(சாய்வு). 120 மீட்டர் நடந்து, சாய்வு 40° என்றால் 120 × 0.643 = 77 மீட்டர். செங்குத்தாக நடக்க முடியாமல் ஸ்டிரைக்கோடு 60° கோணத்தில் நடந்திருந்தால், இன்னொரு சைன்(60°)-ஐயும் பெருக்க வேண்டும். விடை 67 மீட்டராகக் குறையும்.

தரை சரிந்திருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். படுகை ஒரு பக்கமும் தரை எதிர்ப்பக்கமும் சாய்ந்தால் இரண்டு கோணங்களையும் கூட்டுங்கள். ஒரே பக்கம் சாய்ந்தால் கழியுங்கள். சரிவில் 80 மீட்டர் அளந்திருக்கிறீர்கள், தரைச்சரிவு 20°, படுகைச் சாய்வு 40° என்று வைத்துக்கொள்வோம். எதிரெதிர் என்றால் 80 × சைன்(60°) = 69 மீட்டர். ஒரே பக்கம் என்றால் 80 × சைன்(20°) = 27 மீட்டர். ஒரு குறி மாறினால் தடிமன் இரண்டரை மடங்கு தவறிவிடுகிறது. அதனால் களத்திலேயே குறுக்குவெட்டுப் படம் ஒன்றைக் கையால் வரைந்துவிடுங்கள். அலுவலகத்துக்கு வந்த பிறகு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று நினைவிலிருந்து சொல்ல முயல வேண்டாம்.

அடுத்த ஆபத்து, ஒரே அடுக்கை இரண்டு முறை அளப்பது. கென்னி ஹில் பாறைகள் மடிந்தும் உடைந்தும் கிடப்பவை. நெருக்கமான மடிப்பில் இரண்டு கைகளும் (மடிப்பின் இரு புறங்களும்) ஒரே பக்கம் சாயலாம். பார்ப்பவருக்கு ஒரே தொடர்ச்சியாகத் தெரியும். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் 'மேல் எது' என்று சான்றோடு குறியுங்கள். குறுக்குப் படுகைகளின் வெட்டுப்பட்ட தலை மேல்பக்கம் இருக்கும். துகள் படிப்படியாகச் சிறுத்துப் போகும் திசை பெரும்பாலும் மேல். மணற்கல்லின் அடிமுகத்தில் அரிப்புக் குழிகளின் அச்சு தெரிந்தால் அந்த முகம் கீழ்ப்பக்கம். இந்தத் திசை நடுவில் தலைகீழானால் நீங்கள் ஒரு மடிப்பைத் தாண்டிவிட்டீர்கள். நொறுங்கிய பாறைப் பட்டை குறுக்கிட்டால் அங்கே அளவை நிறுத்தி, இருபுறமும் தனித்தனியாகப் பதியுங்கள்.

அடுக்கடுக்காக விவரிப்பது

விவரிப்பில் வரிசை மாறக்கூடாது. ஒவ்வோர் அடுக்குக்கும் அதே வரிசையில் எழுதினால், எது விடுபட்டது என்று ஒரே பார்வையில் தெரியும். நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை: பாறை, நிறம், துகள் அளவு, ஒத்த அளவுத்தன்மை, உருண்மை, கலவை, பிணைப்பு, படுகைத் தடிமன், அமைப்புகள், புதைபடிவம், அடி எல்லையின் தன்மை.

நிறத்தை இரண்டாக எழுதுங்கள்: புதிய முகத்தில் என்ன, உளுத்த முகத்தில் என்ன. வெறும் 'சிவப்பு மணற்கல்' என்பது இந்த ஊரில் பயனற்ற விவரிப்பு. இங்கே சிவப்பு பெரும்பாலும் மழையும் இரும்பும் பின்னால் பூசியது. போர்ஹோலில் (ஆய்வுத் துளையில்) ஆழம் போகப் போக அதே படுகை சாம்பல் நிறமாக வரலாம். இரும்பு வளையங்கள் இன்னும் மோசம். ஒன்றுக்கு வெளியே ஒன்றாக ஓடும் செம்பழுப்புக் கோடுகளைப் படுகை என்று நினைத்துச் சாய்வு எடுத்துவிடுவார்கள். உண்மையான படுகையில் கோட்டைத் தாண்டும்போது துகள் அளவோ மைக்காவோ மாறும். இரும்பு வளையத்தில் நிறம் மட்டும் மாறும். அது வெடிப்புகளைச் சுற்றி வளைந்தும் போகும். சந்தேகம் வந்தால் லென்ஸ்தான் தீர்ப்பு.

துகள் அளவுக்கு வென்ட்வொர்த் அளவுகோல் போதும். 0.0625 முதல் 0.125 மி.மீ. வரை மிகநுண் மணல், 0.25 வரை நுண், 0.5 வரை நடுத்தரம், 1 வரை பரு, 2 மி.மீ. வரை மிகப்பரு. அதற்கு மேலே சரளை, கீழே வண்டல். அட்டையைப் பாறையோடு ஒட்டி வைத்து லென்ஸில் ஒப்பிடுங்கள். கண்மதிப்பு எளிதில் ஒரு படி தவறிவிடும்.

படுகைத் தடிமனுக்கும் சொற்கள் வரையறுக்கப்பட்டவை: 1 செ.மீ.க்குக் கீழ் இழைப்படுகை, 1-3 மிகமெல்லிய, 3-10 மெல்லிய, 10-30 நடுத்தர, 30-100 தடித்த, 100 செ.மீ.க்கு மேல் மிகத் தடித்த படுகை. 'தடித்த' என்று நீங்கள் எழுதினால் அது 30 முதல் 100 செ.மீ. வரை என்று வாசிப்பவருக்குப் புரிய வேண்டும். உங்கள் மனத்திலிருக்கும் தடித்தது வேறாக இருக்கக்கூடாது.

குறுக்குப் படுகைகளின் சாய்வுத் திசையை அளந்தால் பழைய நீரோட்டத் திசை கிடைக்கும். இருபத்தைந்து அளவுகளுக்குக் குறைவாக எடுத்து ரோஜா வரைபடம் (திசைகளின் எண்ணிக்கையை வட்டத்தில் காட்டும் படம்) போடுவதில் பொருளில்லை. படுகை சாய்ந்திருந்தால், அந்தச் சாய்வைக் கழித்துக் கிடைமட்டத்துக்குத் திருப்பிய பிறகே திசையைப் படியுங்கள்.

நல்ல விவரிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி வாசகம்:

'12.4 - 13.1 மீ.: மணற்கல், புதிய முகம் வெளிர்சாம்பல், உளுத்த முகம் மஞ்சள்பழுப்பு, நடுத்தர முதல் பரு மணல், மேலே போகப் போக நுண்மணல், ஓரளவு ஒத்த அளவு, துகள்கள் அரைமுனை முதல் அரைஉருண்டை, குவார்ட்ஸ் பெரும்பங்கு, வெண்களிமண்ணாகிப் போன ஃபெல்ட்ஸ்பார் சிறிதளவு, மைக்கா மிகக் குறைவு, சிலிக்கா பிணைப்பு, அமிலத்தில் நுரையில்லை, தடித்த படுகை, அடிப்பகுதி 20 செ.மீ. தொட்டி வடிவக் குறுக்குப் படுகை, புதைபடிவம் காணவில்லை, அடி எல்லை கூர்மை, 5 செ.மீ. வரை அரிப்பு.'

இதில் ஓர் இடத்திலும் 'ஆற்றுப் படிவு' என்றோ 'ஆழ்கடல்' என்றோ இல்லை. அது விளக்கம், வேறு பத்தியில் வர வேண்டியது. விவரிப்பில் விளக்கம் கலந்துவிட்டால், பின்னால் விளக்கம் தவறென்று தெரிந்ததும் விவரிப்பையும் நம்ப முடியாமல் போகும்.

ஆய்வகத்தில்

ஒவ்வொரு முக்கிய அடுக்கிலிருந்தும் கைப்பிடி அளவு மாதிரி எடுத்து, மேல்பக்கத்தை அம்புக்குறியிட்டு, எண்ணிடுங்கள். 0.03 மி.மீ. தடிப்புள்ள மெல்வெட்டில், துருவமானி நுண்ணோக்கியின் கீழ், குறைந்தது 300 புள்ளிகளை எண்ணுங்கள். இரண்டு எண்கள்தான் பெயரைத் தீர்மானிக்கும். நுண்சேறு 15 சதவீதத்துக்குக் குறைவென்றால் அரெனைட், மேலென்றால் வாக்கே. அதன் பிறகு துகள்களில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், பாறைத்துணுக்கு விகிதம். குவார்ட்ஸ் 95 சதவீதத்தைத் தாண்டினால் குவார்ட்ஸ் அரெனைட். ஃபெல்ட்ஸ்பார் 25 சதவீதத்தைத் தாண்டி, பாறைத்துணுக்கையும் மிஞ்சினால் ஆர்கோஸ். 5-க்கும் 25-க்கும் இடையில் இருந்து, பாறைத்துணுக்கையும் மிஞ்சினால் சப்ஆர்கோஸ்.

வெப்பமண்டலத்தில் இந்த எண்ணிக்கைதான் அதிகம் பொய் சொல்கிறது. மழைநீர் ஃபெல்ட்ஸ்பாரைக் கயோலின் களிமண்ணாக்கிவிடும். எண்ணுபவர் அதை நுண்சேறு என்று பதிந்துவிடுவார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 புள்ளிகளில் குவார்ட்ஸ் 225, ஃபெல்ட்ஸ்பார் 9, பாறைத்துணுக்கு 12, சேறு 54 என்று வருகிறது. சேறு 18 சதவீதம், ஆகவே வாக்கே. இப்போது அந்த 54 புள்ளிகளைத் திரும்பப் பாருங்கள். 24 புள்ளிகளில் களிமண் செவ்வக வடிவில், மணித்துகள் அளவில், ஓரம் தெளிவாக நிற்கிறது. அவை உளுத்த ஃபெல்ட்ஸ்பார். திருத்தினால் ஃபெல்ட்ஸ்பார் 33, சேறு 30. சேறு 10 சதவீதமாகக் குறைந்து பாறை அரெனைட் ஆகிறது. துகள்களில் ஃபெல்ட்ஸ்பார் 12 சதவீதம், அதாவது சப்ஆர்கோஸ். முழுப் பெயரே மாறிவிட்டது. மாதிரியைக் கூடியவரை போர்ஹோலின் புதிய பகுதியிலிருந்து எடுங்கள். சரிவிலிருந்துதான் எடுக்க முடியுமென்றால், வெட்டும் முன் நிறமேற்றிய எபோக்சிப் பிசினால் ஊறவையுங்கள். இல்லாவிட்டால் களிமண் உதிர்ந்து, வெற்றுத் துளைகள் மட்டும் மெல்வெட்டில் மிஞ்சும். எபோக்சியின் நிறம், இயற்கைத் துளை எது, வெட்டும்போது உண்டான கிழிசல் எது என்பதையும் பிரித்துக் காட்டும்.

எல்லைகள்

இந்தப் பகுதியில்தான் நேரம் செலவிட வேண்டும். எல்லை கூர்மையாக இருந்தால் எளிது: எந்தப் பாறையின் மேல் எந்தப் பாறை, எந்த மட்டத்தில், தொடர்பு அரிப்புடையதா இல்லையா என்று எழுதிவிடலாம். கடினம் எங்கே என்றால், ஷேலில் மணற்கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வருகிற இடத்தில். அங்கே இயற்கை கோடு போட்டுத் தராது, நீங்கள்தான் போட வேண்டும். எப்படிப் போட்டீர்கள் என்று சொன்னால் போதும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். உதாரணமாக: '30 செ.மீ.க்கு மேல் தடிமனுள்ள முதல் மணற்கல் படுகையின் அடி. அதற்கு மேலுள்ள 10 மீட்டரில் மணற்கல் பாதிக்கு மேல்.' இப்படி எழுதினால் அடுத்தவர் கோர்ப் பெட்டியைத் திறந்து அதே இடத்தில் விரல் வைப்பார். 'மணற்கல் அதிகமாகும் இடம்' என்று எழுதினால் பத்துப் பேர் பத்து இடத்தில் வைப்பார்கள்.

கால இடைவெளியுள்ள எல்லை என்றால் சான்று காட்டுங்கள்: கீழ்ப்பாறையின் சாய்வு வேறா, அதன் துண்டுகள் மேல்பாறையின் அடியில் கிடக்கின்றனவா, அதன் மேற்பரப்பு அரிக்கப்பட்டிருக்கிறதா.

கோலாலம்பூரில் தனிச் சிக்கல் ஒன்று. சுண்ணாம்புக்கல்லின் மேற்பரப்பு தட்டையல்ல. தூண்களும் பள்ளங்களும் குகைகளுமாக இருக்கும். மேலிருக்கும் கென்னி ஹில் மண் அந்தக் குழிகளுக்குள் சரிந்து இறங்கியிருக்கும். அதனால் ஒரே துளையில் மணற்கல், சுண்ணாம்புக்கல், மறுபடியும் மணல்களி, மறுபடியும் சுண்ணாம்புக்கல் என்று வரும். இதைப் பார்த்து இரண்டும் மாறிமாறிப் படிந்தவை என்று எழுதாதீர்கள். கீழேயுள்ள பொருள் தளர்வாக, படுகையில்லாமல், எஸ்பிடி எண் (தரையின் உறுதியைக் காட்டும் குத்துச் சோதனை எண்) திடீரென்று சரிந்து வந்தால் அது குழி நிரப்பு. எல்லை என்று குறிக்க வேண்டியது முதல் தொடர்பை மட்டும். பக்கத்துத் துளைகளோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள்.

பக்கவாட்டு எல்லையையும் விட்டுவிடாதீர்கள். அலகு எந்தத் திசையில் மெலிகிறது, எங்கே ஷேலாக மாறுகிறது, எங்கே கிரானைட் வெட்டுகிறது என்று வரைபடத்தில் காட்ட வேண்டும். ஊகித்த கோட்டை விட்டுவிட்டு வரும் கோடாகவும், கண்டதைத் தொடர்ந்த கோடாகவும் போடுங்கள்.

மூல வெட்டுமுகம்

பெயரிட்ட அலகுக்கு 'இதுதான் அது' என்று காட்டும் ஓர் இடம் கட்டாயம் வேண்டும். அதை மூல வெட்டுமுகம் என்போம். அடியும் உச்சியும் ஒரே இடத்தில் கிடைக்காவிட்டால் அடிக்கு ஒன்று, உச்சிக்கு ஒன்று என்று தனித்தனி எல்லை வெட்டுமுகம் வைக்கலாம். அதோடு, அலகின் மாறுபாட்டைக் காட்ட வேறிடங்களில் துணை வெட்டுமுகங்கள்.

நகரத்துக்குள் கட்டுமானச் சரிவை மட்டும் மூலமாக வைப்பது பொறுப்பற்ற செயல். கோர் முழுமையாகக் கிடைத்த போர்ஹோலையும் சேர்த்து மூலமாக்குங்கள். துளையில் அமைந்த மூல வெட்டுமுகத்தை அடுக்கியல் பெயரிடல் விதிகள் ஏற்கின்றன. துளையின் ஆயம், தரைமட்ட உயரம், ஒவ்வோர் எல்லையின் ஆழம், கோர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் எழுத வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் கோர்ப் பெட்டிகளை வீசிவிடுவது இங்கே வழக்கம். அதற்கு முன்பே பல்கலைக்கழகத் துறையிடமோ ஜேஎம்ஜியிடமோ பேசி, எல்லையைச் சுற்றியுள்ள பெட்டிகளையாவது காப்பாற்றுங்கள். ஆறு, கடற்கரை, வனக்காப்புப் பகுதி போன்ற இடங்களில் துணை வெட்டுமுகம் கிடைத்தால் விடவே கூடாது. அவை நகரச் சரிவைவிட நெடுநாள் நிற்கும்.

பெயர்

இப்போது பெயர். இரண்டு பகுதிகள்: ஊர் அல்லது இடத்தின் பெயர், பிறகு பாறைப் பெயர் அல்லது படிநிலைச் சொல். 'மங்கிங் மணற்கல்', 'கென்னி ஹில் ஃபார்மேஷன்' என்பது போல. இடப்பெயர் மூல வெட்டுமுகத்துக்கு அருகில் இருக்க வேண்டும், அச்சான வரைபடத்தில் இருக்க வேண்டும், வேறு அலகுக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கக் கூடாது. தாமான் பெயர், கடைத்தெருப் பெயர், வளர்ச்சி நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றைத் தவிருங்கள்; அவை அடிக்கடி மாறுகின்றன. ஆறு, குன்று, பழைய கம்போங் பெயர்கள் நிலைத்தவை.

ஒருமுறை வெளியான பெயர், ஊர்ப்பெயர் மாறினாலும் மாறாது. கென்னி ஹில் இன்று புக்கிட் துங்கு. ஃபார்மேஷன் இன்னும் கென்னி ஹில்தான். லங்காவியின் கேம்பிரியக் காலத்து மணற்கற்களைக் கொண்ட அலகு 'மச்சின்சாங் ஃபார்மேஷன்'. மலையை இப்போது மாட் சின்சாங் என்று எழுதுகிறார்கள் என்பதற்காக யாரும் அலகின் எழுத்துக்கூட்டலைத் திருத்துவதில்லை.

காலத்தைப் பெயரில் வைக்காதீர்கள். நாளை ஒரு புதைபடிவம் கிடைத்தால் பெயரே பொய்யாகும். படிந்த சூழலையும் வைக்காதீர்கள். 'மேல்', 'கீழ்', 'நடு' என்று முறையான உட்பிரிவுகளுக்குப் பெயரிட வேண்டாம். ஒரே இடப்பெயரைக் குரூப்புக்கும் அதன் உள்ளிருக்கும் ஃபார்மேஷனுக்கும் கொடுக்க வேண்டாம். வேலை முடியவில்லை என்றால் 'மணற்கல் அலகு அ' என்று முறைசாராமல் அழைத்துக்கொள்ளலாம். அதில் எந்தக் குறையும் இல்லை. அரைகுறையாகப் பெயரிடுவதைவிட அது நேர்மையானது.

பின்னாளில் ஒரு ஃபார்மேஷனைப் பல ஃபார்மேஷன்களாகப் பிரிக்க நேர்ந்தால், அதைக் குரூப்பாக உயர்த்தலாம். இடப்பெயர் அப்படியே குரூப்போடு போகும், உள்ளே வரும் ஃபார்மேஷன்களுக்குப் புதுப் பெயர்கள் வேண்டும்.

வயதும் ஒப்பீடும்

பாறை அலகின் வரையறையில் வயதுக்கு இடமில்லை, ஆனால் அறிக்கையில் உண்டு. புதைபடிவம் கிடைத்தால் எந்த அடுக்கில் என்று மீட்டரோடு குறியுங்கள். கிடைக்காவிட்டால் மணலில் உள்ள சிர்கான் என்ற கனிமத் துகள்களின் வயது உதவும். அது தருவது உச்சவரம்பு மட்டும்: மணற்கல் அந்த இளைய சிர்கானைவிடப் பழையதாக இருக்க முடியாது, புதியதாக இருக்கலாம். ஒப்பிடும்போது நாட்டு எல்லையில் நின்றுவிடாதீர்கள். மச்சின்சாங்கோடு ஒத்த பாறைகள் தாய்லாந்தின் தாருதாவ் தீவில் வேறு பெயரில் இருக்கின்றன.

எழுதி வெளியிடுவது

அறிக்கையில் இந்த வரிசை இருக்கட்டும்: பெயரும் அதன் மூலமும், முன்பு இந்தப் பாறைகளை யார், என்ன பெயரில் குறித்தார்கள், படிநிலை, மூல வெட்டுமுகமும் ஆயங்களும், விவரிப்பு, எல்லைகள், தடிமன், பரவல், வயது, ஒப்பீடு, கடைசியாகப் படிந்த சூழல் பற்றிய விளக்கம். வரைபடமும், அளவிட்ட வெட்டுமுகமும், மெல்வெட்டு எண்ணிக்கை அட்டவணையும் சேர வேண்டும்.

பட்ட ஆய்வேடு, நிறுவனத்தின் உள் அறிக்கை, மாநாட்டுச் சுருக்கம் எதிலும் வந்த பெயர் முறையான பெயராகாது. அறிஞர் ஆய்ந்து ஏற்கும் இதழில் வெளியாக வேண்டும். 'இதை முறையான புதிய அலகாக முன்மொழிகிறோம்' என்று ஒரு வாக்கியம் வெளிப்படையாக இருக்க வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதும்போது முறையான பெயரின் எல்லாச் சொற்களுக்கும் பெரிய முதலெழுத்து. முறைசாரா அலகுக்குப் படிநிலைச் சொல்லில் சிறிய எழுத்து. வெளியான பிரதியை ஜேஎம்ஜிக்கும் மலேசியப் புவியியல் கழகத்துக்கும் அனுப்புங்கள். மாதிரி எண்களும் மெல்வெட்டு எண்களும் எந்தச் சேகரிப்பில், எந்த அலமாரியில் இருக்கின்றன என்ற பட்டியலை அதோடு இணைத்துவிடுங்கள்.